"நீ ஆரோட நிண்ட?": கல்முனைக் கரையில் ஓடாவிகள் உருவான வரலாறு

எங்கட ஊர்ல ஒரு ஓடாவியிடம் போய், "தொழிலை எங்க படிச்சீங்க?" என்று கேட்டால் அவர் கொஞ்சம் முழிப்பார். படிப்பு என்ற சொல் அங்கே பொருந்தாது. "ஆரோட நிண்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு பெயர் வரும், அந்தப் பெயரோடு ஒரு ஊர் வரும், அந்த ஆள் எவ்வளவு கோபக்காரர் என்ற கதையும் சேர்ந்து வரும். கடையில் நிற்கிறான், வயலில் நிற்கிறான் என்பதுபோல ஒரு பொடியன் பாஸோடு நிற்கிறான். நின்று நின்றே தொழிலைப் பிடித்துக்கொள்கிறான்.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று இந்தக் கரை நெடுக எத்தனையோ பேர் இப்படித்தான் மரவேலைக்குள் வந்தார்கள். மன்னர்களைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியும் கட்சிகளைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. ஒரு பொடியன் முதன்முதலாக உளியைக் கையில் எடுத்தது எப்படி என்று எழுதுவதற்கு ஆள் குறைவு. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு இது கேட்க வேண்டிய கேள்வியாகப் படுகிறது. எங்களோடு ஓ.எல். எழுதிய பலர் ஏதாவது ஒரு தொழிலுக்குள் நுழைவதற்கு வாசல் எங்கே என்று தேடித்தான் இப்போது அலைகிறார்கள்.

சொற்களில் இருந்து தொடங்குவோம். ஆவணம் குறைவான இடத்தில் சொல்தான் ஆவணம்.

தமிழ்நாட்டில் தச்சர் அல்லது ஆசாரி என்பார்கள். நாம் ஓடாவி என்கிறோம். தமிழ் அகராதிகள் இந்தச் சொல்லுக்கு மரக்கலம் கட்டுபவர் என்றும் பொருள் தருகின்றன. கேரளத்தின் பேப்பூரில் உரு என்ற பெரிய மரக்கப்பலைக் கட்டுகிறவர்களுக்கும் ஓடாயி என்றுதான் பெயர். ஆக, கதவும் ஜன்னலும் செய்கிற நம்முடைய ஆளின் பெயருக்குள்ளே ஒரு கடல் இருக்கிறது. சிங்களத்தில் முஸ்லிம்களை 'மரக்கல' என்று அழைப்பதும் மரக்கலம் என்ற தமிழ்ச் சொல்லில் இருந்துதான். வீட்டு வேலை செய்கிறவரைத் தோணி கட்டுகிறவரின் பெயரால் ஒரு சமூகம் இன்னும் கூப்பிடுகிறது என்றால், அந்தத் தொழில் எந்தத் திசையில் இருந்து வந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

பாஸ் என்பது ஒல்லாந்துச் சொல். அவர்களுடைய மொழியில் வேலைத்தலைவருக்கு அதுதான் பெயர். அதே சொல் அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் வழியாக ஆங்கிலத்துக்குள் போய், இன்றைக்கு அலுவலகங்களில் எல்லோரும் பயப்படுகிற 'பொஸ்' ஆனது. நம் ஊரில் அது மேசன் பாஸ், ஓடாவி பாஸ் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறது. நமக்கு நம்முடைய பாஸ்தான் மூலத்துக்கு நெருக்கமானவர்.

இனி அவர் செய்கிற சாமான்களின் பெயர்களைப் பாருங்கள். மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கேயம். லாச்சி ஒல்லாந்தம். போர்த்துக்கேயர் 1628 இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள், 1638 இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதற்குச் சற்று முன்னால், 1626 இல், போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்கள் சுமார் 4,000 பேரைக் கண்டி அரசன் செனரத் மட்டக்களப்புப் பக்கத்தில் குடியேற்றியதாகப் போர்த்துக்கேயர் எழுதிய வரலாறு சொல்கிறது. பன்பாய் விரித்து உட்கார்ந்து, பாயிலேயே படுத்து எழும்பிய வீடுகளுக்குள் இந்தச் சாமான்கள் ஒவ்வொன்றாக நுழைந்திருக்கின்றன. துரத்தியவனுடைய கதிரையை அவனுடைய சொல்லோடு சேர்த்தே எடுத்துக்கொண்டோம். தமிழ்நாட்டுக்காரர் நாற்காலி என்கிறார்கள், நாம் இன்னும் கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இதில் எங்களைப் பிடித்து நிறுத்துவது வேறு ஒரு விசயம். முதல் கதிரையைச் செய்த நம் ஆளுக்குக் கதிரை செய்யப் பழக்கிய பாஸ் நம் ஊரில் இருந்திருக்க முடியாது. தோணிக்குப் பலகை பொருத்தத் தெரிந்தவர், கலப்பைக்கும் வண்டிலுக்கும் மரம் செதுக்கத் தெரிந்தவர், ஒரு புதுச் சாமானைப் பார்த்து, தட்டி, திருப்பி, எங்கே எது எதற்குள் போகிறது என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். வண்டில் சில்லு செய்யத் தெரிந்தவருக்குக் கதிரை பெரிய காரியமல்ல. நடுவில் குடம், அதில் இருந்து ஆரைக்கால்கள், சுற்றிவர வட்டை, கடைசியாகச் சூட்டோடு இறக்குகிற இரும்புப் பட்டை. ஒரு ஆரைக்கால் கொஞ்சம் சரிந்தாலும் நெல் மூட்டையோடு வண்டில் குடை சாயும். உழவு மெஷின் வந்த பிறகு அந்த வேலையும் அதைத் தெரிந்த கைகளும் போய்விட்டன. தோணிக்கு ஃபைபர் வந்ததும் கரைவலைத் தோணி கட்டுகிற வேலைக்கும் அதே கதி. கடலும் வயலும் கைவிட்ட பிறகு ஓடாவிக்கு மிஞ்சியது வீடு.

வீடு என்பது இந்தக் கரையில் சாதாரணச் சொல் அல்ல. அக்கரைப்பற்றில் 1969 இல் இருந்து பல தடவை வந்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, கிழக்கிலங்கையின் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும் உள்ள தாய்வழிக் குடிமுறையையும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கிற வழக்கத்தையும் விரிவாக எழுதியிருக்கிறார். நமக்கு அது புத்தகம் இல்லாமலே தெரியும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பக்கத்தில் ஒரு குடிசை போட்டு இறங்குவார்கள், அடுத்த மகளுக்கு அங்கே இன்னொரு வீடு எழும்பும். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. வீட்டுக்கு ஐந்து கதவு, எட்டு ஜன்னல், கூரைக்கு மரம், பிறகு கட்டில், அலுமாரி என்று கணக்குப் போட்டால், ஒரு தெருவில் உள்ள பெண் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் அந்தத் தெரு ஓடாவியின் பத்து வருச வேலைப் பட்டியல்.

சீதனத்தை நாங்கள் புகழவில்லை. வாப்பாமாரின் முதுகையும் காக்காமாரின் வாலிபத்தையும் அது தின்றிருக்கிறது, அதைப்பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் இங்கே ஓடாவிகள் உருவானது எப்படி என்று கேட்டால் சீதன வீட்டைத் தாண்டிப் போக முடியாது. அந்தக் காலத்தில் ஓடாவி தன் பட்டறையில் கதவைச் செய்து கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போகிறவர் அல்ல. மரம் வாங்கிப் போட்ட வீட்டு வளவுக்கே உபகரணப் பெட்டியோடு வருவார். மாமரத்துக்குக் கீழே மேசை அடிப்பார். வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும். சாப்பாடும் தேத்தண்ணியும் அந்த வீட்டில் இருந்துதான். பட்டறையே வீட்டு முற்றத்துக்கு நடந்து வந்தது.

அந்த முற்றத்தில் கல்யாணப் பெண்ணின் தம்பி நிற்பான். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் மனம் போகாது. பாஸ் அவனைக் கூப்பிட மாட்டார். "மனே, இந்தப் பலகைட அந்தப் பக்கத்தப் புடி" என்பார். அவ்வளவுதான் சேர்க்கை. பரீட்சை இல்லை, படிவம் இல்லை.

முதல் மாதங்களில் அவனுக்குத் தொழில் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. சீவல் கூட்ட வேண்டும். வளைந்த பழைய ஆணிகளைத் தட்டி நேராக்க வேண்டும். பலகையின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும். பார்ப்பதற்கு வெறும் எடுபிடி வேலை. ஆனால் வாள் ஓடும்போது பலகையைப் பிடிக்கிறவனின் கைக்கு ஒன்று தெரியும்: வாள் கோட்டில் போகிறதா, சரிகிறதா என்பது அதிர்விலேயே தெரிந்துவிடும். கண்ணுக்கு முன்னால் கை படிக்கிறது. பிறகு தீட்டல். சீவுளி அலகையும் உளியையும் கல்லில் வைத்து ஒரே சாய்வில் இழுக்க வேண்டும், சாய்வு சுமார் 25 முதல் 30 பாகை. கை ஆடினால் விளிம்பு உருண்டுபோகும், உருண்ட அலகு மரத்தைக் கடிக்காது. தீட்டல் சரியாக வர மாதங்கள் ஆகும். அதுவரை மரத்தில் கை வைக்க விடமாட்டார்கள். பழைய ஓடாவிகள் புதுசாக வந்தவனை எடைபோடுவது இன்றைக்கும் அவனுடைய உளியின் முனையை நகத்தில் வைத்துப் பார்த்துத்தான்.

மரம் தொட விட்டாலும் நல்ல மரம் கிடையாது. முதிரை அழகான மரம், பளபளக்கும், ஆனால் அதன் நரம்பு ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னிப் போகும். ஒரு திசையில் சீவினால் இழைந்து வருவது அடுத்த அங்குலத்தில் பிய்த்துக்கொண்டு எழும்பும். பாலை இரும்பு. கருங்காலியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே பொடியனுக்குக் கிடைப்பது மா, பூவரசு, மிஞ்சிய வேப்பந்துண்டு. அதில் சீவிச் சீவி நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிச் சொல்லத் தெரிந்த பிறகுதான் ஜன்னல் நிலைக்கு வருவான்.

நிலையிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. துளை பொடியனுக்கு, கழுந்து பாஸுக்கு. பாஸ் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார், இவன் உளியும் கொட்டாப்புளியும் வைத்துத் துளை போடுவான். ஏன் துளை? துளைக்குள்ளே கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் கழுந்து இறங்கிய பிறகு அதன் தோள் மேலே வந்து மூடிவிடும், யாருக்கும் தெரியாது. கழுந்தின் தோளை வாளால் அறுப்பது அப்படி அல்ல. அரை நூல் பிசகினால் பொருத்தில் வெளிச்சம் தெரியும், வீட்டுக்காரர் கேட்பார். பிழை மறைந்துபோகிற இடத்தில் தொடங்கி, பிழை தெரிகிற இடத்துக்கு மெல்ல மெல்ல நகர்த்துகிறார்கள். யாரும் உட்கார்ந்து எழுதாத ஒரு பாடத்திட்டம் இது, ஆனால் பாடத்திட்டம்தான். ஸ்வீடனில் நாஸ் என்ற இடத்தில் 1870களில் ஒட்டோ சலமோன் என்பவர் பிள்ளைகளுக்கு மரவேலை கற்பிக்க ஒரு முறையை வகுத்து உலகப் புகழ் பெற்றார். இலேசான சாமானில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமான சாமானுக்குப் போவதுதான் அதன் சாரம். மாமரத்துக்குக் கீழே நின்ற நம் பாஸ்மாருக்கு நாஸ் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது.

இதற்கு இன்னும் பழைய சாட்சி ஒன்று உண்டு. இப்னு கல்தூன் 1377 இல் எழுதிய முகத்திமாவில் மரவேலைக்கென்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. கேத்திர கணிதம் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை, யூக்லிட் உட்படக் கிரேக்கக் கணித மேதைகள் தச்சர்களாக இருந்தவர்கள் என்று அங்கே சொல்கிறார். யூக்லிட் உண்மையில் உளி பிடித்தாரா என்பது சந்தேகம்தான். ஆனால் அதே நூலில் அவர் சொல்கிற மற்றது முக்கியமானது: தொழில் என்பது கையில் ஊறிப்போகிற ஒரு பழக்கம், சொல்லக் கேட்டு வருவதைவிடக் கண்ணால் பார்த்துச் செய்து வருவதுதான் முழுமையாக வரும், கற்றவனின் தரம் கற்பித்தவனின் தரத்தைப் பொறுத்தது. "ஆரோட நிண்ட?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விளக்கவுரை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ் ஊர்களில் தச்சுவேலை கம்மாளருக்குரிய குலத்தொழில். பிறப்பால் அதற்குள் வருவார்கள். நம் ஊர்களில் அப்படி ஒரு கட்டு இல்லை, யாரும் நிற்கலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பாதிதான் உண்மை. முற்றத்தில் நிற்க முதலில் முற்றம் வேண்டும். மாமா ஓடாவியாக இருக்க வேண்டும், அல்லது வாப்பாவின் கூட்டாளியாக ஒரு பாஸ் இருக்க வேண்டும். தெரிந்த ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளை தெருவில் நின்றே பார்த்தான். பெண் பிள்ளை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தாள், அவளுக்காகச் செய்யப்படுகிற ஜன்னலுக்குப் பின்னால். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இப்படி நின்ற பொடியனுக்கு வருசக்கணக்கில் சம்பளம் இல்லை, அடி உண்டு. கொட்டாப்புளிக் கைபிடியால் தலையில் வாங்கியதைச் சிரித்துக்கொண்டு சொல்கிற மூத்தவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்த முற்றம் எப்போதும் ஒரே அளவில் இருந்ததும் இல்லை. ஊரை ஏதாவது ஒன்று புரட்டிப் போடுகிற நேரங்களில் அது விரிந்திருக்கிறது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவாகி இங்கினியாகலையில் அணை எழும்பியது. காடு பெருமளவில் வெட்டப்பட்டது, குடியேற்றங்களுக்கு வீடுகள் கட்டப்பட்டன. மரமும் வேலையும் ஒன்றாக வந்த காலம் அது. அதே அபிவிருத்தி இந்தப் பகுதியின் குடிசனக் கணக்கை மாற்றி, 1961 இல் மட்டக்களப்பில் இருந்து அம்பாறையைத் தனி மாவட்டமாக்கியது வேறு கதை, அந்தக் கதையின் வலி வேறு. 1978 நவம்பரில் அடித்த சூறாவளி கிழக்கில் கூரைகளையும் தென்னைகளையும் ஒரே இரவில் சாய்த்தது. திருப்பிக் கட்டுவதற்கு ஆள் தேவைப்பட்டது. கூரை மேல் ஏறத் துணிந்தவன் எல்லாம் அப்போது கையாள் ஆனான்.

1977 க்குப் பிறகு வளைகுடா வந்தது. முகவர் தந்த வீசாவில் 'ஷட்டரிங் கார்ப்பெண்டர்' என்று அடித்திருக்கும். கொங்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற வேலை அது, உளி தேவையில்லை, சுத்தியலும் வாளும் போதும். ஊரில் ஒருநாளும் பலகை தொடாதவர்கள் சவூதியில் போய் இறங்கி ஓடாவி ஆனார்கள். ஊரில் பத்து வருசம் பாஸோடு நின்றவரும் அங்கே போய்ப் பலகைதான் அடித்தார். அவர் அனுப்பிய காசில் தங்கச்சிக்கு எழும்பிய வீட்டில் பூ வேலைப்பாட்டோடு கதவு போட்டது அவரோடு நின்ற வேறொருவர்.

காட்டு மரமும் இதற்கிடையில் தூரப்போனது. 1968 இல் அரச மரக் கூட்டுத்தாபனம் வந்தது. யுத்த காலத்தில் காட்டுப் பக்கம் போவதே உயிரோடு விளையாடுகிற காரியம் ஆனது. 1985 இலும் 1990 இலும் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையில் நடந்த வன்முறைகளுக்குப் பிறகு, அடுத்த ஊர் ஆசாரியோடு போய் நிற்பது என்ற பேச்சும் அடங்கியது. 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசாங்கம் தடை செய்தது. முதிரைக்குப் பதிலாகத் தோட்டத் தேக்கும் பலாவும் வெளிநாட்டு மரமும் மரக்காலைகளுக்கு வந்தன. தடை நல்லதுதான், அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மரம் விலையேறினால் பொடியன் பிழைவிட்டுப் பழகுவதற்குத் துண்டு மரம் யார் கொடுப்பார்?

பள்ளிக்கூடம் இந்த வேலையை எடுத்துச் செய்ய ஒருமுறை முயன்றது. 1971 கிளர்ச்சியில் படித்த இளைஞர்கள் ஆயுதம் தூக்கியதைப் பார்த்துப் பயந்த அரசாங்கம் 1972 இல் கல்வியைப் புரட்டிப் போட்டது. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ் வந்தது, அதில் தொழில் முன்னிலைப் பாடங்கள் கட்டாயம். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் பிரதேசத்துத் தொழில்களில் இருந்து பாடத்தைத் தெரியலாம். மரவேலையும் நெசவும் மீன்பிடியும் பரீட்சைக்குரியதாயின. 1975 இல் முதல் பரீட்சை. 1977 இல் ஆட்சி மாறியதும் திட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய ஓ.எல். முறைக்கே போனார்கள். யோசித்துப் பார்த்தால், ஓடாவியும் வகுப்பறையும் சந்தித்திருக்கக்கூடிய ஒரே சந்தர்ப்பம் அதுதான். மருதமுனையில் தறி இருக்கிறது, தறி என்பதே மரவேலை. தறி செய்கிறவரை வகுப்புக்கு அழைத்திருக்கலாம். ஆனால் நாடு முழுக்க இந்தப் பாடங்களைக் கற்பித்தது ஏற்கெனவே இருந்த ஆசிரியர்கள்தான், கைத்தொழிலாளர் அல்லர். பெற்றோருக்கும் பிடிக்கவில்லை. பிள்ளை டொக்டராகட்டும் என்று அனுப்பினால் அங்கேயும் உளியா என்று கேட்டார்கள். மரவேலையைப் படிப்பில் தோற்றவனின் தண்டனையாகப் பார்க்கிற பார்வையை நாங்கள் உட்பட எல்லோரும் அங்கிருந்துதான் சுமந்து வருகிறோம்.

பிறகு வந்தது 2004 டிசம்பர் 26.

இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 க்கும் மேல். சாய்ந்தமருதும் மருதமுனையும் கல்முனைக்குடியும் காரைதீவும் கடலோரத்தில் இருந்த தெருக்களையே இழந்தன. மனிதர்களைப் பற்றிப் பேச எங்களுக்கு இன்னும் மொழி வரவில்லை, ஆகவே பெட்டிகளைப் பற்றிச் சொல்கிறோம். ஒரு ஓடாவியின் உபகரணப் பெட்டியில் இருப்பது எல்லாம் கடையில் வாங்கியது அல்ல. சீவுளிக் கட்டை அவர் கைக்கு அளவாக அவரே செதுக்கியது. சில உளிகள் அவருடைய பாஸ் கொடுத்தது, அந்த பாஸுக்கு அவருடைய பாஸ். அந்தப் பெட்டிகள் கடலுக்குப் போயின. நிறுவனங்கள் புதுப் பெட்டிகள் கொடுத்தன, நன்றி சொல்ல வேண்டும். ஆனால் புது அலகைத் தீட்டுவதற்குக் கூட ஆள் தேட வேண்டியிருந்தது.

கடலோரத்தில் கட்டக் கூடாது என்று வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குக் கோடு போட்டார்கள், தெற்கில் 100 மீற்றர். ஏன் இந்த வித்தியாசம் என்று அப்போதே கேள்வி எழுந்தது, பிறகு தளர்த்தினார்கள். ஆயிரக்கணக்கில் வீடுகள் ஒரே நேரத்தில் எழும்பத் தொடங்கின. மேசனுக்கும் ஓடாவிக்கும் தட்டுப்பாடு, கூலி ஏறியது. பாஸோடு நின்று ஆறு மாதம் ஆனவன் தானே பாஸ் ஆனான். ஒரே அளவில் நூற்றுக்கணக்கான கதவு, ஒரே அளவில் ஜன்னல். மாதக்கணக்கில் தீட்டல் பழகுவதற்கு யாருக்கும் நேரமில்லை. ஒரு தலைமுறை ஓடாவிகள் அப்படி உருவானார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், பிறகு தாமாகவே முட்டி மோதிப் படித்தவர்கள். ஆனால் அலுமாரி வேலைக்குக் கேட்டால், "அது நமக்கு வராது, கதவு தாங்க" என்று நேர்மையாகச் சொல்கிறவர்களும் அந்தத் தலைமுறைதான். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் 500 வீடுகள் எழும்பின. யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போய், பத்தாண்டுகளுக்கு மேல் அவை ஆளில்லாமல் கிடந்தன. சுற்றிவரப் புல் வளர்ந்து, கதவுகள் மழையில் உப்பிக் கிடந்த அந்த இடத்தைக் கடந்து போகும்போது, அவற்றைப் பூட்டிய பொடியன் எத்தனை கதவில் பிணைச்சல் போடப் பழகியிருப்பான் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இன்றைக்கு என்ன நிலைமை? 2016 இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆனது. 2021 இல் வேலைக்கான குறைந்த வயதும் 14 இல் இருந்து 16 ஆனது. பன்னிரண்டு வயதில் முற்றத்தில் நிற்பது இப்போது சட்டவிரோதம். அது அப்படித்தான் இருக்க வேண்டும். முற்றமும் இல்லை. கதவு கடையில் இருந்து வருகிறது, சில வீடுகளில் அது மரமே இல்லை, அலுமினியம். அலுமாரி எம்.டி.எஃப். பலகையில் வருகிறது. பட்டறைகளில் பிளேனரும் ரவுட்டரும் இருக்கின்றன, பூ வேலைப்பாட்டைக் கணினி செதுக்குகிறது. 2022 நெருக்கடியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது எல்லாம் அப்படியே நின்றன. கைவாளும் கைச்சீவுளியும் தெரிந்தவர் மட்டும் அப்போதும் வேலை செய்யக்கூடியவராக இருந்தார். மின்சாரம் திரும்பியதும் அதையும் மறந்துவிட்டோம். மெஷினை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆணி நேராக்குவதும் அரத்தாள் போடுவதும் துளை போடுவதும்தான் புதுசாக வந்தவனுக்கு நிற்க இடம் கொடுத்த வேலைகள். மெஷின் முதலில் எடுத்துக்கொண்டது அவற்றைத்தான். பாஸின் வேலை இன்னும் பாஸிடம் இருக்கிறது, கையாளின் வேலை போய்விட்டது. கையாளாக இல்லாமல் பாஸ் ஆவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

அரசாங்கத்திடம் ஒரு பதில் இருக்கிறது. 1990 இன் சட்டத்தோடு வந்த தொழிற் பயிலுனர் அதிகார சபை, 1995 இல் வந்த தொழிற்பயிற்சி அதிகார சபை, அதன் பிறகு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை. ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். நிந்தவூரில் பயிற்சி நிலையம் இருக்கிறது, சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் வகுப்புக்குப் போகாமலே செய்து காட்டித் தகைமை எடுக்கிற வழியும் உண்டு. முப்பது வருசம் உளி பிடித்தவர் கையில் முதன்முதலாக ஒரு சான்றிதழ் வருகிறது. கட்டார் போகவும் கடன் எடுக்கவும் அது உதவும். இந்த ஏற்பாட்டில் பெண் பிள்ளைகளுக்குக் கதவு மூடப்படவில்லை என்பதும் பெரிய விசயம், ஜன்னலுக்குப் பின்னால் நின்றவர்களின் பேத்திகள் விரும்பினால் உளி எடுக்கலாம்.

இந்தத் தகைமையில் வகுப்பறைப் பயிற்சிக்குப் பிறகு வேலைத்தளப் பயிற்சி ஒன்று வரும். அதற்குப் பொடியன் ஒரு பட்டறையைத் தேட வேண்டும். நாங்கள் ஒரு கூட்டாளியோடு மூன்று பட்டறைக்குப் போனோம். கையில் கடிதம் இருந்தது. முதல் இரண்டு இடத்தில் வேலை இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் பாஸ் கடிதத்தை வாசித்தார், மடித்துத் திருப்பித் தந்தார். ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "மனே, இதுல உன்ட வெரல் போனா ஆரு பொறுப்பு? ஆபீசா, நானா?" என்று கேட்டார். பிறகு கூட்டாளியின் கையைப் பிடித்து உள்ளங்கையைப் பார்த்தார். "தீட்டத் தெரியுமா?" தெரியாது என்றான். மூலையில் கிடந்த கல்லைக் காட்டி, "நாளைக்கு வா, அதுல இருந்து தொடங்குவம். சம்பளம் கேக்காத" என்றார்.

மூன்று மாதமாகப் போகிறான். சம்பளம் இன்னும் இல்லை.